கேஸ் ஏர்சாஃப்ட் ரிவால்வர்: கேஸ் ஏற்றுவதிலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேஸில் இயங்கும் ஏர்சாஃப்ட் ரிவால்வரை (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) புதிதாக வாங்கியவர்கள் முதலில் சொல்லும் புகார், "கேஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்பதுதான். வால்வு பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கேஸை எப்படி ஏற்றினோம் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

கேஸ் டப்பாவுக்குள் இருப்பது திரவம். அதன் மேல் கொஞ்சம் ஆவி நிற்கும். டப்பாவை நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் துப்பாக்கிக்குள் போவது அந்த ஆவி மட்டும்தான். சில முறை சுட்டதும் தீர்ந்துவிடும். ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியின் அடியில் உள்ள வால்வு மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். டப்பாவைக் கவிழ்த்து, நேராக, அசைக்காமல் அழுத்த வேண்டும். திரவம் இறங்கும்போது கைப்பிடி சில்லென்று ஆவதை விரலிலேயே உணரலாம். சாய்த்து அழுத்தினால் ஓரத்தில் கேஸ் பீய்ச்சியடிக்கும். பல டப்பாக்களில் இருப்பது புரொப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அந்தத் திரவம் தோலில் பட்டால் பனிக்கடி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கேஸ் ஏற்றக்கூடாது.

எல்லா ரிவால்வரிலும் வால்வு கைப்பிடியில்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் டனாக்கா நிறுவனத்தின் பெகாசஸ் அமைப்பில் கேஸ் அறை சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. (இந்தக் கட்டுரையில் சிலிண்டர் என்றால் குண்டுகளைச் சுமந்து சுழலும் உருளை.) உங்கள் மாடலின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஆசைப்பட்டு வழிய வழிய நிரப்புவது. குண்டைத் தள்ளுவது ஆவி. அந்த ஆவி உருவாக அறையில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். கழுத்துவரை திரவம் நிறைந்திருந்தால், விசையை இழுக்கும்போது திரவமே குழல் வழியாக வெள்ளைப் புகையாகத் துப்பும். குண்டு பத்தடி தள்ளி விழும், ரப்பர்கள் உறைந்துபோகும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திரவ புரொப்பேன் சூடேறும்போது தண்ணீரை விடப் பல மடங்கு விரியும். பெரிய புரொப்பேன் தொட்டிகளையே வழக்கமாக 80 சதவீதம் அளவில் நிறுத்திவிடுவார்கள். வால்வு ஓரத்தில் திரவம் திருப்பித் துப்பத் தொடங்கினால் போதும், டப்பாவை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டு, உலோகம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சுடுங்கள்.

நான் முதலில் வெகுநாள் புரிந்துகொள்ளாத ஒன்றையும் சொல்கிறேன். வெயிலில் கிடந்த ரிவால்வருக்குள் கேஸ் இறங்கவே இறங்காது. உள்ளே அழுத்தம் அதிகம், டப்பாவில் குறைவு. அப்போது பலர் செய்வது டப்பாவைச் சூடாக்குவது. அது ஆபத்து. டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். சூடான ரிவால்வரை நிழலில் ஆறவிட்டாலே வேலை முடிந்தது. டப்பா மிகவும் குளிர்ந்திருந்தால் உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்தால் போதும், நெருப்போ வெந்நீரோ வேண்டாம்.

கேஸின் வகையைக் கலந்தடிப்பதுதான் துப்பாக்கியை நிரந்தரமாகக் கெடுக்கும். 20 டிகிரியில் 134ஏ கேஸின் (குளிரூட்டிகளில் பயன்படும் ஒரு வாயு) அழுத்தம் சுமார் 5.7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). கிரீன் கேஸ் என்பது சிலிக்கோன் ஆயில் கலந்த புரொப்பேன்தான். அதே வெப்பத்தில் அதன் அழுத்தம் சுமார் 8.4 பார். கார்பன் டை ஆக்சைடு 57 பாரைத் தொடும். 134ஏ கேஸுக்கென்று செய்த மெல்லிய உலோக, பிளாஸ்டிக் மாடலில் கிரீன் கேஸை ஏற்றினால், சில நாள் வேகமாகச் சுடுவதுபோல் தெரியும். அப்புறம் வால்வோ துப்பாக்கியின் சட்டமோ (ஃபிரேம்) விரிசல் விடும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம்: 40 டிகிரியில் புரொப்பேன் 13 பாரைத் தாண்டிவிடும். அதோடு புரொப்பேன் தீப்பற்றும். காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும். மூடிய அறையிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ ஏற்றாதீர்கள்.

12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் ரிவால்வரில் தவறு வேறு மாதிரி. குப்பியின் நுனியில் ஒரு சொட்டு சிலிக்கோன் ஆயில் விடாமல் திருகுவது ஒன்று. துளைபட்ட பிறகும் பலம் கொண்டமட்டும் இறுக்கி, கேஸ் கசியாமல் தடுக்கும் அடைப்பை (சீல்) நசுக்குவது இன்னொன்று. குப்பியை இரவு முழுக்க உள்ளேயே விடுவதும் கூடாது. அவ்வளவு அழுத்தத்தில் சீல் வடிவம் மாறிவிடும். கழற்றுவதற்கு முன் குண்டில்லாமல், பாதுகாப்பான திசையில், சத்தம் அடங்கும்வரை சுட்டுத் தீர்த்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். கைக்குக் கிடைத்த மெஷின் ஆயிலை அடிப்பவர்கள் நிறையப் பேர். பெட்ரோலிய எண்ணெய் பல வகை ரப்பரை ஊதவைத்து மிருதுவாக்கிவிடும். சீல்களுக்கு சிலிக்கோன் ஆயில் மட்டும், அதுவும் வால்வில் ஒரு சொட்டு. அதையே குழலுக்குள் அடித்தால் ஹாப்-அப் ரப்பர் (குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் பாகம்) குண்டைப் பிடிக்காமல் வழுக்கும். ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே போகும். குழலைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதில் கரையும்.

ரிவால்வருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டைச் சுண்டி சிலிண்டரை மூடுவது. ரிவால்வரில் சிலிண்டரைத் தாங்கும் கை போன்ற பாகம் மெல்லியது. அது மயிரிழை வளைந்தாலே ஷெல்லும் (குண்டைப் பொருத்தி சிலிண்டரில் போடும் சிறு உறை) குழலும் நேர்கோட்டில் நிற்காது. இடைவெளியில் கேஸ் கசிந்து வேகம் குறையும். மறுகையால் தாங்கி, 'டக்' என்று பூட்டும்வரை தள்ளுங்கள். அதேபோல் ஷெல்லில் குண்டு துருத்திக்கொண்டு நின்றால் சட்டத்தில் இடித்து சிலிண்டர் சுழலாது. அந்த நேரத்தில் விசையை முரட்டுத்தனமாக இழுத்தால், சிலிண்டரைச் சுழற்றும் சிறு கொக்கி தேய்ந்துபோகும். குண்டு சிக்கிவிட்டதா என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது எப்போதும், எந்த நிலையிலும் கூடாது. முதலில் ஷெல்களை எடுங்கள், கேஸை வெளியேற்றுங்கள், பிறகு மெல்லிய குச்சியால் தள்ளுங்கள்.

பெட்டியில் எடுத்துவைக்கும்போது கிரீன் கேஸ், 134ஏ மாடல்களில் சீல்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க ஓரிரு விநாடி ஏற்றும் அளவு கேஸ் விட்டுவைப்பது நல்லது. துப்பாக்கியின் சுத்தியல் (ஹேமர்) இறங்கியிருக்கட்டும், ஷெல்களில் குண்டு இருக்கக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் கசிந்தால், வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டுப் பாருங்கள். குமிழி எங்கே எழுகிறதோ அங்கேதான் கோளாறு. பல தடவை அங்கே ஒரு தூசியோ நூலிழையோ சிக்கியிருக்கும். கேஸை முழுதும் வெளியேற்றிவிட்டு வால்வைத் துடைத்து, சிலிக்கோன் ஆயில் ஒரு சொட்டு விட்டு மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் குமிழி வந்தால் அந்த ஓ-ரிங்கை (வால்வில் உள்ள ரப்பர் வளையம்) மட்டும் அதே அளவில் மாற்றினால் போதும், வால்வு முழுவதையும் வாங்கத் தேவையில்லை.