பந்தைப் பார்க்காதீர்கள்: கல்லூரி வைட் ரிசீவரை எடைபோடும் வழி

அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்-இன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2020 ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் ஜஸ்டின் ஜெஃபர்சன் பெயர் வருவதற்குள் நான்கு வைட் ரிசீவர்கள், அதாவது வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள், போய்விட்டார்கள். ஹென்ரி ரக்ஸ் 12-ஆவது, ஜெரி ஜூடி 15, சீடி லாம் 17, ஜேலன் ரேகர் 21. அடுத்த இடத்தில், 22-இல், மினசோட்டா வைக்கிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் சீசனிலேயே பந்து பிடித்து எடுத்தது 1,400 யார்ட். 2022-இல் லீகிலேயே அதிகமாக 1,809.

இதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் 32 அணியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கே இப்படிச் சறுக்குகிறது என்றால், சோபாவில் உட்கார்ந்து நோட்டும் பேனாவுமாக முயன்று பார்ப்பதில் நமக்கு என்ன கூச்சம்?

அந்த வருஷம் ஜெஃபர்சன்மேல் இருந்த பெரிய சந்தேகம், “இவர் ஸ்லாட்டில் (மைதானத்தின் உட்பக்கம்) ஆடிப் பெயர் வாங்கியவர், வெளியே, ஓரக்கோட்டுப் பக்கம் நிறுத்தினால் தாக்குப்பிடிப்பாரா?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் விடையும் வீடியோவிலேயே இருந்தது. எங்கே என்று போகப்போகச் சொல்கிறேன். ஆட்டத்தின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: எந்த வேலைக்கு ஆள் பார்க்கிறோம்?

ரிசீவர் என்றால் ஒரே வேலை இல்லை. எக்ஸ் என்பவர் ஆட்டம் தொடங்கும் கோட்டின்மேலேயே நிற்பவர். ரிசீவரைத் தடுக்கும் எதிரணி ஆளான கார்னர்பேக் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளலாம். இதைத்தான் பிரஸ் என்கிறார்கள். இசட் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்பார், ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் கணம்) முன் நகரவும் செய்யலாம். ஸ்லாட் இன்னும் உள்ளே. இடது, வலது இரண்டு பக்கமும் அவருக்குத் திறந்திருக்கும். மூவரில் எக்ஸ் வேலைதான் கடினம், அதற்குத்தான் ஆள் கிடைப்பது அரிது.

கல்லூரி மைதானம் ரிசீவருக்குக் கொஞ்சம் சலுகை செய்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு இடத்திலும் மைதானத்தின் அகலம் 160 அடிதான். ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு ஹேஷ் கோட்டு வரிசைகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்-இல் பதினெட்டரை அடி. பந்து ஒரு ஹேஷில் இருந்தால் கல்லூரியில் அகலமான பக்கம் 100 அடி கிடைக்கும். என்.எஃப்.எல்-இல் அது 89 அடிக்குக் குறுகிவிடும். கல்லூரியில் வெட்டவெளியாகத் தெரிந்த பல இடங்கள் அங்கே இருக்காது.

இன்னொன்று, ஓரக்கோட்டில் பந்து பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். என்.எஃப்.எல்-இல் இரண்டு காலும் பட வேண்டும். அதனால் ஓரத்தில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டாவது கால் எங்கே விழுகிறது என்று நிறுத்திப் பாருங்கள். விதி கேட்காதபோதே அந்தக் காலை உள்ளே இழுத்து வைக்கிற பையனை எனக்குப் பிடிக்கும்.

படி 2: வீடியோவைத் தேர்ந்தெடுங்கள்

ஹைலைட்ஸ் வேண்டாம். 2019 டிசம்பரில் பீச் பௌல் ஆட்டத்தில் ஜெஃபர்சன் ஒக்லஹோமாவுக்கு எதிராக 14 பந்து பிடித்து 227 யார்ட் எடுத்தார், பந்தோடு எல்லையைத் தொட்ட டச்டவுன் நான்கு. பார்க்க விருந்துதான். ஆனால் “வெளியே ஆடுவாரா?” என்ற கேள்விக்கு அந்த ஆட்டம் பதில் சொல்லாது.

முழு ஆட்டமாக நான்கு எடுங்கள். வலுவான கார்னர்பேக் எதிரே நின்ற ஆட்டம் ஒன்று, ரிசீவர் சோபிக்காத ஆட்டம் ஒன்று, சாதாரண ஆட்டம் ஒன்று. நான்காவதைக் கட்டாயம் முந்தைய சீசனிலிருந்து எடுங்கள். ஜெஃபர்சன் விஷயத்தில் விடை ஒளிந்திருந்தது அங்கேதான். 2019-இல் அவர் கல்லூரியான எல்.எஸ்.யூ அவரைப் பெரும்பாலும் ஸ்லாட்டில் வைத்தது. ஆனால் 2018-இல் அவர் அதிகம் நின்றது வெளிப்பக்கம்தான், 54 பந்து, 875 யார்ட் என்று அணியிலேயே முதலாவதாக வந்தார்.

டிவி ஒளிபரப்பில் ஒரு தொல்லை உண்டு. ஸ்னாப் ஆனதும் கேமரா பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கோடு போய்விடும், ரிசீவர் திரையை விட்டு வெளியே ஓடிவிடுவார். 22 ஆட்டக்காரர்களும் தெரியும் ஆல்-22 கோணம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ரீப்ளேக்களைப் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். அலுப்பான வேலை, வேறு வழியில்லை.

படி 3: முதல் இரண்டு வினாடி

தலைப்பில் சொன்னது இங்கே தொடங்குகிறது. பந்தை மறந்துவிட்டு ரிசீவரின் காலை மட்டும் பாருங்கள்.

ஸ்னாப் ஆன கணத்தில் முன்கால் பின்னோக்கி ஒரு சின்ன அடி வைக்கிறதா? அது வீண் அடி. ஆள் புறப்படுவதற்கு முன்பே நேரம் போய்விட்டது. எடை முன்காலில் இருந்தால் அந்த அடி தேவைப்படாது.

அடுத்து, கார்னர்பேக் எதிரே பிரஸ்ஸில் நிற்கும் ஸ்னாப்களைத் தனியாகப் பொறுக்குங்கள். கல்லூரியில் பல கார்னர்பேக்குகள் ஏழெட்டு யார்ட் தள்ளியே நிற்பார்கள். ஒரு ஆட்டத்தில் பிரஸ் ஐந்தாறு தடவைதான் வரலாம். அந்த ஐந்தாறுதான் தங்கம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். எதிராளியின் கை நெஞ்சில் விழுவதற்குள் தட்டிவிடுகிறாரா? ஒரே ஏமாற்று அசைவை ஆட்டம் முழுக்கத் திருப்பித் திருப்பிச் செய்கிறாரா, இரண்டு மூன்று சரக்கு வைத்திருக்கிறாரா? தப்பித்துவிட்டார் சரி, எந்தப் பக்கம் ஒதுங்கினார்? ஓரக்கோட்டை ஒட்டித் தள்ளப்பட்டுவிட்டால் குவார்ட்டர்பேக் பந்தை இறக்க இடமே இருக்காது. ஆள் ஜெயித்ததுபோல் தெரியும், ரூட் (அவர் ஓட வேண்டிய பாதை) செத்துப்போயிருக்கும். டவாந்தே ஆடம்ஸ் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து 2014-இல் 53-ஆவது ஆளாகத்தான் போனார். அசாதாரண வேகம் கிடையாது. இந்த முதல் இரண்டு வினாடியை வைத்தே வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்.

படி 4: திரும்பும் இடம்

ஸ்லான்ட், கோ மாதிரி ரூட்களை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். ஒன்று குறுக்கே வெட்டி ஓடுவது, இன்னொன்று நேரே ஓடுவது. முழு வேகத்தில் போய் நின்று திரும்ப வேண்டிய கம்பேக், கர்ல், டிக் ஆகியவற்றைத் தேடுங்கள்.

ஒரு கம்பேக்கை எடுத்துக்கொள்வோம். பதினைந்து யார்ட் போய்ச் சட்டென்று நின்று ஓரக்கோட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வீடியோவைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு, பிரேக் போட ஆரம்பித்ததிலிருந்து திரும்பும்வரை எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். மூன்று என்றால் பிரமாதம். ஆறு என்றால் அதற்குள் கார்னர்பேக் பக்கத்தில் வந்து நின்றிருப்பார். பிறகு அதே துண்டைத் திரும்ப ஓட்டி இடுப்பைப் பாருங்கள். நிற்கும்போது இடுப்பு கீழே இறங்க வேண்டும், தோள் கால்விரலுக்கு மேலே இருக்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்துவிட்டால் “இதோ நிற்கப்போகிறேன்” என்று தண்டோரா போட்டதுபோல. மூன்றாவது முறை கையைப் பாருங்கள். ஓடும்போது வீசிக்கொண்டிருந்த கை, திரும்புவதற்கு இரண்டு அடி முன்னாலேயே நின்றுவிடுகிறதா? இதை நான் பல மாதம் கவனிக்கவே இல்லை. கவனிக்கத் தொடங்கியபிறகு, கட் அடிப்பதற்கு முன்பே “இப்போது திரும்புவார்” என்று என்னால் சொல்ல முடிந்தது. என்னால் முடிகிறதென்றால் என்.எஃப்.எல் கார்னர்பேக்கால் முடியாதா?

பந்து இவருக்கு வராத ஆட்டங்களிலும் இதே உழைப்பு இருக்கிறதா என்று ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: கைகள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். கையை நீட்டிப் பிடிக்கிறாரா, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். அணைத்துப் பிடிப்பவர்களிடம் பந்து தெறித்துப்போகும் வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எதிராளி மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது எம்பிப் பிடிப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒருவர் அப்படி அடிக்கடி பிடிக்கிறார் என்றால், எதிராளி அவரைவிட்டு விலகவே இல்லை என்றும் அர்த்தம். ஓல் மிஸ் கல்லூரியின் லக்வான் ட்ரெட்வெல் இந்த மாதிரிப் பந்துகளுக்குப் பேர்போனவர். 2016-இல் 23-ஆவது ஆளாகப் போனார். முதல் சீசனில் அவர் பிடித்தது ஒரே ஒரு பந்து, 15 யார்ட்.

படி 6: இப்போது எண்கள்

குறிப்பெழுதி முடிக்கும்வரை புள்ளிவிவரத்தைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் கண் அதற்கேற்ப வளைந்துவிடும்.

எனக்குப் பிடித்த கணக்கு, அணியின் பாஸ் யார்டிலும் டச்டவுனிலும் இவர் பங்கு எவ்வளவு என்பது. இரண்டு சதவீதத்தின் சராசரியை டாமினேட்டர் என்பார்கள். எளிமைக்காக 2019-இல் எல்.எஸ்.யூ குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ வீசிய 5,671 யார்ட், 60 டச்டவுனை மொத்தமாக வைத்துக்கொள்வோம். ஜெஃபர்சன் 1,540 யார்ட், அதாவது 27 சதவீதம். டச்டவுன் 18, அதாவது 30. சராசரி 28 சொச்சம். முப்பதைத் தாண்டினால்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் இங்கேயே அவரைக் கழித்துக்கட்டியிருப்பார். பக்கத்தில் யார் ஆடினார்? ஜமார் சேஸ், 1,780 யார்ட், 20 டச்டவுன். பந்தியில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் இலையில் கொஞ்சம் குறையத்தானே செய்யும்.

இதைவிட மோசமாக ஏமாற்றும் உதாரணம் டெர்ரி மக்லாரன். 2018-இல் ஓஹையோ ஸ்டேட்டில் 35 பந்து, 701 யார்ட். அணியின் குவார்ட்டர்பேக் அந்த வருஷம் வீசியது 4,831 யார்ட். பங்கு பதினைந்துகூட இல்லை. மூன்றாவது சுற்றில் வாஷிங்டன் எடுத்தது, முதல் வருஷமே 919 யார்ட். எண் சிறியதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், உடனே பெயரை அடித்துவிடாதீர்கள். வயதையும் பாருங்கள். பத்தொன்பது வயதில் பெரிய பங்கு எடுத்தவரும், ஐந்தாவது வருஷத்தில் பொடியன்களுக்கு எதிராக எடுத்தவரும் ஒன்றல்ல.

படி 7: கடைசியில் ஸ்டாப்வாட்ச்

ஒவ்வொரு வருஷமும் டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை நடக்கும். 40 யார்ட் ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். 2017-இல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடி அப்போதைய சாதனை படைத்தார், ஒன்பதாவது ஆளாக சின்சினாட்டி எடுத்தது. முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதே கம்பைனில் ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்த கூப்பர் கப் 4.62 ஓடினார், 69-ஆவதாகப் போனார். 2021-இல் அவர் 145 பந்து, 1,947 யார்ட், 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீகில் முதலிடம்.

வேகம் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. வீடியோவில் கண்ட சந்தேகத்தைச் சரிபார்க்க ஸ்டாப்வாட்சைப் பயன்படுத்துங்கள். “நேரே ஓடும்போது பின்தங்குகிறாரோ?” என்று எழுதியிருந்தால் 40-ஐப் பாருங்கள். “திரும்பத் திணறுகிறாரோ?” என்றால் மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் த்ரீ-கோன் நேரத்தைப் பாருங்கள்.

படி 8: ஒரு பத்தி எழுதித் தேதி போடுங்கள்

எந்த இடத்தில் ஆடுவார், எதை வைத்து எதிராளியை வெல்கிறார், அந்த வழி என்.எஃப்.எல்-இலும் செல்லுமா, எந்தச் சுற்றில் எடுப்பீர்கள். இந்த நான்கும் ஒரே பத்தியில் வரட்டும். பிறகு திருத்தக்கூடாது.

என் நோட்டில் 2019-இல் டி.கே. மெட்காஃபுக்கு எழுதியது இன்னும் இருக்கிறது. 228 பவுண்டு உடம்போடு 4.33 ஓடியவர். த்ரீ-கோனில் 7.38. ஓட்டத்தில் மந்தம் என்று பேர்வாங்கிய குவார்ட்டர்பேக் டாம் பிரேடியே 2000-இல் 7.20-க்குச் சுற்றி முடித்தார் என்பதில் எனக்கு ஏக நக்கல். “நேரே மட்டும் ஓடுவார், திரும்பத் தெரியாது, வேண்டாம்” என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். 64-ஆவதாக சியாட்டில் எடுத்தது. 2020-இல் 1,303 யார்ட், பெரும்பாலும் நேரே ஓடித்தான்.

அந்த வரிக்குப் பக்கத்தில் பிறகு பென்சிலில் ஒன்று எழுதினேன்: “நேரே ஓடுவதை யாராலும் தடுக்க முடியவில்லை என்றால்?”