அமெரிக்காவில் வகுப்பெடுக்கப் போகிறீர்களா? ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி விஞ்ஞான பீடத்திலோ கிளிநொச்சியில் பொறியியல் பீடத்திலோ படித்து முடித்து, டோஃபல் ஆங்கிலத் தேர்வும் எழுதி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டால், இனி ஆங்கிலப் பரீட்சை எதுவும் இல்லை என்றுதான் அநேகமான பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதல் தவறே அதுதான். படிப்புக் கட்டணத்தை விலக்கி, கைச்செலவுக்கும் மாதாமாதம் பணம் தருகிறார்கள் என்றால், பெரும்பாலும் அது கற்பித்தல் உதவியாளர் வேலைக்கான கொடுப்பனவு. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்போ பயிற்சி வகுப்போ நீங்கள் எடுக்க வேண்டும். அங்கே உங்களை நிறுத்துவதற்கு முன்னர், நீங்கள் கதைப்பது அந்த மாணவர்களுக்கு விளங்குமா என்று பல்கலைக்கழகம் தனியாகச் சோதிக்கும். 1980களில் இருந்து பல மாநிலங்கள் இதற்குச் சட்டமே போட்டிருக்கின்றன. பென்சில்வேனியாவில் 1990இல் வந்த சட்டப்படி, கற்பிப்பவருக்கு ஆங்கிலம் சரளமாக வரும் என்று கல்வி நிறுவனமே உறுதிப்படுத்த வேண்டும்.

தேர்வு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பர்டூ பல்கலைக்கழகத்தின் ஓஇபிடி (OEPT) என்ற பேச்சுத் தேர்வில் கணினிக்கு முன்னால் இருந்து கதைக்க வேண்டும், அதைப் பதிவுசெய்து பின்னர் புள்ளி போடுவார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள யூசிஎல்ஏ (UCLA) பல்கலைக்கழகத்தின் டிஓபி (TOP) தேர்வில் ஆட்களுக்கு முன்னால் நின்று உங்கள் துறையில் ஒரு சிறு விரிவுரை செய்ய வேண்டும், இளமாணி மாணவர்கள் இருந்து இடையில் கேள்வி கேட்பார்கள். இன்னும் சில இடங்களில் டோஃபலின் பேச்சுப் பகுதியில் குறித்த அளவுக்கு மேல் எடுத்திருந்தால் இந்தத் தேர்வே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த அளவு என்ன என்பதை முன்னர் போன அண்ணாவிடமோ அக்காவிடமோ கேட்டு அதையே நம்பியிருக்காதீர்கள். அவர்கள் காலத்தில் பேச்சுக்கு மொத்தம் 30 புள்ளி, 2026 ஜனவரியில் இருந்து 1 முதல் 6 வரையான அளவுகோல். அனுமதிக் கடிதம் வந்த கையோடு துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, என்ன தேர்வு, எப்போது, எத்தனை புள்ளி வேண்டும், தவறினால் கொடுப்பனவுக்கு என்ன நடக்கும் என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்ற பயம் தேவையில்லை.

அடுத்தது மனப்பாடம். நம் ஊரில் பேச்சுப்போட்டி என்றால் எழுதி, பாடமாக்கி, கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டு மேடையேறுவதுதானே வழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்தத் தேர்வுக்குப் போனால், ஐந்தாவது வசனத்தில் ஒரு மாணவர் கையை உயர்த்தினாலே எல்லாம் மறந்துவிடும். இவர்கள் புள்ளி போடுவது சொற்பொழிவுக்கு மட்டுமல்ல, கேள்வியை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதற்கும்தான். கேள்வி விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய தவறு. இங்கே விரிவுரையாளரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பழகியதால் வரும் கூச்சம் அது. அங்கே நீங்கள்தான் ஆசிரியர். “மூன்றாவது வரி எப்படி வந்தது என்றா கேட்கிறீர்கள்?” என்று கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அப்படிச் செய்வதால் புள்ளி குறையாது, நல்ல ஆசிரியர் செய்யும் வேலை அதுதான்.

உச்சரிப்பு விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூடியூப் பார்த்து அமெரிக்கர்போலக் கதைக்கப் பழகுவதில் மாதக்கணக்கை வீணாக்காதீர்கள். 1992இல் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே குரல் பதிவை மாணவர்களுக்குப் போட்டு, ஒரு பகுதியினருக்கு வெள்ளையினப் பெண்ணின் படத்தையும் மற்றவர்களுக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் குறைவாகவே விளங்கியிருந்தது. ஆகவே உங்கள் நாக்கோடு சம்பந்தமே இல்லாத ஒரு தடையும் அங்கே இருக்கிறது, அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளத் தேவையில்லை.

ஆனால் உங்கள் கையில் இருப்பது அழுத்தம். லோரா ஹான் என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கொரியக் கற்பித்தல் உதவியாளர் ஒருவர் ஒரே விரிவுரையை மூன்று விதமாகப் பேசினார்: வசனத்தின் முக்கியமான சொல்லில் அழுத்தம் வைத்து ஒருமுறை, பிழையான சொல்லில் வைத்து ஒருமுறை, அழுத்தமே இல்லாமல் ஒருமுறை. சரியான இடத்தில் அழுத்தம் விழுந்த விரிவுரையைக் கேட்டவர்களுக்குத்தான் பாடம் அதிகம் நினைவில் நின்றது. நமக்கு இது கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் “இந்தப் பெறுமானம்தான் மாறும்” என்று ஒரு “தான்” போட்டால் வேலை முடிந்தது, குரல் ஏற வேண்டிய தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்தத் “தான்” செய்யும் வேலையைக் குரல்தான் செய்ய வேண்டும். நாமோ எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில், அதுவும் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவோம். வேகமாகக் கதைத்தால் சரளம் என்று நினைப்பது தனித் தவறு. சொற்களுக்குள்ளும் அசை பார்க்க வேண்டும். ‘அனலைஸ்’ என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் ‘அனாலிசிஸ்’ என்று வரும்போது இரண்டாவது அசைக்குப் போய்விடும். ‘பராமீட்டர்’ என்று நாம் நீட்டிச் சொல்வதை அங்கே ‘ரா’வில் அழுத்தி, மிச்சத்தைக் குறுக்கிச் சொல்வார்கள். உங்கள் பாடத்தில் அடிக்கடி வரும் ஐம்பது சொற்களை எழுதி, அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்துப் பழகினால் போதும், முழு ஆங்கிலத்தையும் திருத்தப் போக வேண்டாம்.

கணிதம், பௌதிகவியல் பிள்ளைகளுக்கு ஒரு விசேட கவனம். z எழுத்தை ‘இசட்’ என்றால் அங்கே புதுமுக மாணவர் முழிப்பார், ‘ஸீ’ (zee) என்றுதான் அவருக்குப் பழக்கம். ‘டூ இன்ட்டு சிக்ஸ்’ என்று பெருக்கலைச் சொல்லிப் பழகியவர்கள் உடனே ‘டைம்ஸ்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்க மாணவரின் காதில் அது ஆறை இரண்டால் வகுப்பது. நீங்கள் 12 என்று எழுதும்போது அவர் 3 என்று எழுதிக்கொண்டிருப்பார்.

தலைப்புத் தெரிவில் ஆய்வுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உயர்தரத்தில் படித்த ஒன்றை, இரசாயனச் சமநிலையோ நிபந்தனை நிகழ்தகவோ, பத்து நிமிடத்துக்குள் ஓர் உதாரணத்தோடு முடிக்கக் கூடியதாக எடுங்கள். அப்புறம், பலகையைப் பார்த்துக்கொண்டே கதைக்க வேண்டாம். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு சொல்லுங்கள்.

தயார்படுத்தலுக்குச் சிறந்த ஆள், உங்கள் துறை தெரியாத ஒருவர்தான். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த மச்சானையோ தங்கையையோ முன்னால் இருத்தி, நினைத்த இடத்தில் எல்லாம் குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து, வசனத்துக்கு வசனம் எந்தச் சொல் தூக்கலாகக் கேட்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறினால் மறைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் நிபந்தனையோடு சித்தி என்றொரு நிலையும், அதற்கென ஒரு பருவப் பேச்சு வகுப்பும், அது முடிய மறுதேர்வும் இருக்கின்றன. அதுவரை விடைத்தாள் திருத்தும் வேலை தரமுடியுமா என்று அந்த வாரமே துறையில் கேளுங்கள். பருவம் தொடங்கி வேலைகளைப் பங்கிட்டு முடித்துவிட்டால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.