எடை குறைந்த பக் 110: மட்டம் தட்டுவதற்கும் வாங்குவதற்கும் முன்னால்

1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் 110 என்ற மடக்குக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அதுவரை இடுப்பில் நீளமான உறைக்கத்தியோடு அலைந்தார்கள். மடக்கினால் கைக்குள் அடங்க வேண்டும், விரித்தால் உறைக்கத்தி மாதிரி ஆடாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இரு முனையிலும் கனத்த பித்தளை, நடுவே மரம், முதுகில் அழுத்தினால் விடுபடும் பூட்டு, மூன்றே முக்கால் அங்குல அலகு என்று வந்தது 110. எடை ஏறத்தாழ 204 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் தொங்கும். அதனால்தான் தோல் உறையோடு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து அதே நிறுவனம் 110 எல்.டி. என்று ஒன்றை விட்டது. பித்தளையும் மரமும் போய், வார்ப்பு நைலான் பிடி வந்தது. எடை 95 கிராம் பக்கம் இறங்கியது, விலையும் நன்றாகவே குறைந்தது. உடனே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. ஒரு கட்சிக்கு இது பிளாஸ்டிக் பொம்மை; இன்னொரு கட்சிக்கு இனி பழசு எதற்கு. இரண்டு பேரும் பிடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். வெட்டுவது அலகு, அதைத் தாங்குவது அச்சு ஆணியும் பூட்டும்.

கனமாக இருந்தால் உறுதி என்று நினைப்பதுதான் முதல் தவறு, மிகப் பரவலானதும் அதுதான். பழைய 110-இன் எடையில் பெரும்பகுதி பித்தளை. பித்தளை எஃகைவிட மென்மையானது. கையில் நிறைவாக உட்காரும், பளபளக்கும், பிடி நெளியாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அலகின் கூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்.டி.யிலும் அலகு அதே 420எச்.சி. என்ற வகை எஃகுதான், நீளமும் அதேதான். மலிவாக இருப்பதால் வெளிநாட்டில் செய்து ஒட்டிய சரக்கு என்று சிலர் சொல்வதும் தவறு. அதுவும் அமெரிக்கத் தயாரிப்புதான். கயிறு அறுக்க, அட்டைப்பெட்டி பிரிக்க, தோலுரிக்க இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது பக்கவாட்டில் முறுக்கும்போது. நைலான் பிடி கொஞ்சம் நெளியும், பித்தளை நெளியாது. சரி, மடக்குக் கத்தியை வைத்து எதையாவது நெம்பித் திறப்பது எப்படியும் செய்யக் கூடாத வேலை. அப்படி நெம்பினால் பித்தளைப் பிடி தப்பிக்கும், அலகின் முனை உடையும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எடை குறைந்த வடிவம் என்றால் பிடி மட்டும்தான் மாறியிருக்கும் என்று நம்புவது. பக்கில் எல்.டி.க்கு அது பொருந்தும். எல்லா இடத்திலும் பொருந்தாது. ஸ்பைடர்கோ என்ற இன்னொரு நிறுவனத்தின் பாரா 3 கத்தி ஜி10 என்ற கண்ணாடியிழைப் பிடியோடு வந்தபோது அதில் எஸ்30வி எஃகு இருந்தது; அதன் எடை குறைந்த வடிவம் பி.டி.1என் என்ற வேறு எஃகோடு வெளிவந்தது. மோசமான எஃகு என்று சொல்லவில்லை, ஆனால் வேறு எஃகு. பக்கிலேயே 110 ஸ்லிம் என்ற மெல்லிய பிடி வரிசை இருக்கிறது. அதில் ஒன்றில் 420எச்.சி., விலை கூடிய 'புரோ'வில் எஸ்30வி. பெட்டியின் மேல் 110 என்ற எண்ணைப் பார்த்ததும் எடுத்துவிடாமல் எஃகின் பெயரைப் படிக்க வேண்டும்.

எஸ்30வி கூர் நீண்ட நாள் நிற்கும் என்பதால் அதையே வாங்கு என்று சொல்பவர்கள் சாணைக்கல்லைப் பற்றிப் பேசுவதில்லை. 420எச்.சி.யை வீட்டில் இருக்கும் சாதாரணக் கல்லிலேயே சில நிமிடத்தில் சரிசெய்யலாம். எஸ்30வி மொக்கையானால் அதே கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அது இல்லாதவருக்கு என் யோசனை 420எச்.சி.தான்.

பழைய 110 வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அலகின் முதுகை விரல்நுனியால் பற்றிக்கொண்டு பிடியைக் கீழே வெட்டி உதறுவார்கள். பிடியின் கனமே இழுத்துக் கத்தி 'டக்'கென்று திறந்துகொள்ளும். பார்க்க ஸ்டைலாக இருக்கும். எல்.டி.யில் இதை முயன்றால் பிடிக்கு அந்த இழுப்பு கிடையாது. பாதியில் நிற்கும், பூட்டு விழுந்ததா இல்லையா என்று தெரியாது. அந்த அரைகுறை நிலையில் விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கவலை. எல்.டி.யை அதற்குரிய வழியில், அலகின் மேல் இருக்கும் பள்ளத்தில் நகத்தை மாட்டி, இரண்டு கையாலும் திறந்தால் போதும். ஒரு கையால் திறக்கத்தான் வேண்டும் என்றால் கட்டைவிரலுக்குக் குமிழ் வைத்த ஸ்லிம் இருக்கிறது.

கடையில் கையில் எடுத்ததும் பிடியை நெரித்துப் பார்ப்பதும், முதுகை மேசையில் ஓங்கித் தட்டுவதும் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். தட்டுவது பூட்டைத்தான் கெடுக்கும். கத்தியை முழுக்க விரித்து, அலகை மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கியபின் அலகு பிடியின் உள்சுவரை உரசுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அலகு மயிரிழை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதற்கும், நைலானில் வார்ப்புக் கோடு தெரிவதற்கும் திருப்பி அனுப்புவது வீண் அலைச்சல். மடக்கும்போது வரும் சத்தம் பழையதைப் போல் கனமாக இல்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல, நைலான் அப்படித்தான் ஒலிக்கும்.

எடை குறைந்ததும் கத்தி உறையிலிருந்து பைக்கு மாறுகிறது. இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத சிக்கல். இந்தப் பூட்டு வேலை செய்வது அலகின் அடியில் இருக்கும் சின்ன வெட்டுக்குள் எஃகுத் தண்டின் கொக்கி போய் உட்காருவதால். ஜீன்ஸ் பையில் கிடக்கும் கத்திக்குள் பஞ்சும் மணலும் சேர்ந்து, அந்த வெட்டின் அடியில் கெட்டியாகப் படியும். கொக்கி முழு ஆழம் இறங்காது. சத்தம் வழக்கம்போல் வரும், பூட்டு விழுந்தது போலவே இருக்கும், அழுத்தி வெட்டும்போது அலகு விரல் மேல் மடங்கும். எல்.டி.யில் பையில் மாட்டும் கிளிப் கிடையாது என்பதால் கத்தி பையின் அடியில்தான் போய்க் கிடக்கும். கத்தியை விரித்து, பூட்டை அழுத்திப் பிடித்தபடி, பல்குத்தும் குச்சியால் அந்த வெட்டைச் சுரண்டி எடுத்தால் உருண்டையாகக் கறுப்புப் பஞ்சு வரும். அப்புறம் அச்சில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் அந்த எண்ணெயே அடுத்த அழுக்கைப் பிடித்து வைக்கும்.

பழையதை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. இனி எல்.டி. போதும் என்று பித்தளைக் கத்தியைத் தோல் உறையோடு அலமாரியில் போட்டுவிடுவார்கள். பதப்படுத்திய தோலோடு ஒட்டிக் கிடந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பிறகு எடுத்துப் பார்த்து, நம் வீட்டுக் குத்துவிளக்கைப் போல் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். வேண்டாம். புளித்தண்ணீர் பூட்டின் வில் இருக்கும் பொந்துக்குள் இறங்கி, துடைக்க எட்டாத இடத்தில் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். உலர்ந்த துணியில் பித்தளை பாலிஷ் கொஞ்சம் தொட்டுத் தேய்த்தால் போதும். வைப்பதாக இருந்தால் உறைக்கு வெளியே வையுங்கள்.

ஸ்லிம் வாங்குகிறவர்கள் தடிமனைக் கணக்கில் எடுப்பதில்லை. பையில் அது இருப்பதே தெரியாது, உண்மை. ஆனால் கெட்டி மரத்தை அரை மணி நேரம் சீவினால் மெல்லிய பிடியின் விளிம்பு உள்ளங்கையில் பதியும். பழைய 110-இன் உருண்டு தடித்த பிடிக்கு அந்த வேலையில் இன்னும் இணையில்லை என்பது என் கட்சி. பனிக்காலத்தில் வெறுங்கையில் பிடிக்கவோ எல்.டி.தான், பித்தளை விரலைக் கடிக்கும்.

எடை குறைந்துவிட்டதால் எங்கும் எடுத்துப் போகலாம் என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது. லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பிரிட்டன் சட்டப்படி தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய மடக்குக் கத்தி பூட்டு இல்லாததாகவும், வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். 110 இரண்டிலும் தோற்கும், எல்.டி.யும் அப்படியே. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்குப் பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள்.