"இவரேதான்" என்று சாட்சி கைகாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இவரேதான், எனக்கு நூறு சதவீதம் தெரியும்" என்று சாட்சிக் கூண்டில் ஒருவர் சொல்லிவிட்டால், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். முதல் தவறே அதுதான். முதன்முதலாக அடையாளம் காட்டிய நாளில் அவர் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-இல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி, பின்னால் அடையாளம் காட்ட வேண்டும் என்றே தாக்கியவனின் முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். போலீசார் ஆறு போட்டோக்களை வைத்தார்கள். சில நிமிடம் யோசித்து ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார், பாராட்டும் கிடைத்தது. அப்புறம் ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். போட்டோ, வரிசை இரண்டிலுமே இருந்தவர் காட்டன் மட்டும்தான். அங்கேயும் தயங்கித்தான் அவரைக் காட்டினார். போட்டோவில் எடுத்ததும் இவரைத்தான் என்று போலீசார் சொன்னார்கள். வழக்கு விசாரணைக்கு வந்தபோது தயக்கம் சுத்தமாகப் போயிருந்தது. 1987-இல் மறு விசாரணையில் உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியும் "இவரைப் பார்த்ததே இல்லை" என்றார். காட்டன் நிரபராதி என்று 1995-இல்தான் டிஎன்ஏ சோதனை காட்டியது. பத்தாண்டுக்கு மேல் சிறை! அந்தப் பெண் பொய்யே சொல்லவில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட சாட்சியம் குறுக்கு விசாரணையில் அசைவதில்லை.

எனவே பாராட்டோ, ஒரு தலையசைப்போகூட வேண்டாம். சந்தேக நபர் யார் என்று தெரிந்த அதிகாரி இந்த அடையாளம் காட்டலை நடத்தக் கூடாது. "அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இருப்பவர்களில் கொஞ்சம் ஒத்துப்போகிறவரைச் சாட்சி எடுத்துவிடுவார்.

பலர் காட்டினால் சரியாக இருக்கும் என்பதும் தவறு. லண்டனில் 1896-இல் ஒரு மோசடி வழக்கில் அடால்ஃப் பெக் என்பவரைப் பல பெண்கள் அடையாளம் காட்டினார்கள். அத்தனை பேரும் தவறான ஆளைத்தான் காட்டியிருந்தார்கள்.

நம் நாட்டில் மாஜிஸ்திரேட் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு முன், கைதானவரின் முகத்தை மூடி அழைத்துவருவது சாட்சி பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பிடிபட்ட அன்றே படம் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிவிட்டால், சாட்சி காட்டுவது சம்பவ இடத்தில் பார்த்த முகத்தையா, போனில் பார்த்ததையா? எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

நீங்களே சாட்சியானால், அந்தப் படங்களைத் தேடிப் பார்க்காதீர்கள். எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை நேரம் பார்த்தீர்கள் என்பதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.