முன் சக்கரத்தின் உடைந்த ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுதல்

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கியதும், காரின் ஸ்பிரிங்குகளுக்குச் சோதனை தொடங்கிவிடுகிறது. தெறிக்கும் கற்கள் ஸ்பிரிங்கின் பூச்சைப் பெயர்க்கின்றன. அது அமரும் கீழ்த்தட்டில் சேறும் ஈரமும் தேங்கி அந்த இடத்தைத் துருப்பிடிக்க வைக்கின்றன. பின்னர் ஒரு குழியில் சக்கரம் விழும்போது அடிச்சுற்று முறிந்துவிடுகிறது. காரின் ஒரு மூலை தாழ்ந்து நின்றாலோ, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஒலி எழுந்தாலோ, சக்கரத்தின் உட்புறத்தை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முறிந்த முனை டயரைக் கிழிக்கக்கூடும் என்பதால், அந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது.

ஸ்பிரிங்கை இடம் வலம் இரண்டிற்கும் சேர்த்தே வாங்குவது நல்லது. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் கார் சாய்ந்தே நிற்கும். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கலாம். ஆயினும் துருவால் முறிந்த ஒன்றின் இடத்தில் இன்னொரு பழையதைப் பூட்டுவதை நான் விரும்புவதில்லை. கடையில் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் தவறான ஸ்பிரிங் வராது.

மலையகத்தில் சமதளமான முற்றம் கிடைப்பதே அரிது. சரிவிலோ, மழையில் ஊறிய மண்ணிலோ ஜக் வைப்பதைவிட, கொங்கிறீட் தளமுள்ள ஒருவரிடம் ஒரு நாள் இடம் கேட்பது மேல். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திய பிறகு, முன்பக்கத்தை உயர்த்தி இரு புறமும் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் கையையோ தலையையோ நீட்டக் கூடாது.

விட்ஸ், ஆல்டோ, வேகன் ஆர் போன்ற கார்களின் முன்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒரே தொகுதியாக இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, அத்தொகுதியில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கம்பியையும் விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்கை (கார் சாய்வதைக் குறைக்கும் தண்டோடு தொகுதியை இணைக்கும் சிறு கம்பி) பிரிக்கவும். கீழே நக்கிளை (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புப் பாகம்) பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளின் நிலையைப் பெயின்டால் குறித்த பின்பே அவற்றைக் கழற்ற வேண்டும். நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸை இழுக்காதபடி கம்பியால் கட்டி வைக்கவும். பொனட்டைத் திறந்து மேலே நடு நட்டைச் சுற்றித் தெரியும் சிறிய நட்டுகளைக் கழற்றினால் தொகுதி கையில் வந்துவிடும். நடுவிலுள்ள பெரிய நட்டை இப்போது தொடவே கூடாது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கருவியால் மேலும் அமுக்காமல் அதைக் கழற்றினால், பல நூறு கிலோ விசையோடு ஸ்பிரிங் தெறித்து உயிரையே பறிக்கலாம்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்பிரசர் இரண்டையும் எதிரெதிரே, உடையாத சுற்றுகளில் மாட்டி, ஒன்றைச் சில சுற்றும் மற்றதைச் சில சுற்றும் என்று மாறி மாறிக் கை ஸ்பேனரால் முறுக்க வேண்டும். இம்பெக்ட் கன் (நட்டை வேகமாக முறுக்கும் இயந்திரம்) வேண்டாம். கொக்கி வழுக்குவதாகத் தோன்றினால் உடனே தளர்த்தி, மீண்டும் மாட்டவும். முகத்தை ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேரே வைக்கக் கூடாது. இந்தக் கருவி சரியாக இல்லையென்றால், தொகுதியை அப்படியே கராஜுக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்பிரிங் தட்டில் தளர்வாக ஆடத் தொடங்கிய பின்பே நடு நட்டைக் கழற்ற வேண்டும்.

பழையதை எடுத்ததும், மேல்தாங்கியின் பெயரிங் சொரசொரப்பின்றிச் சுழல்கிறதா, ரப்பர்கள் வெடித்துள்ளனவா, ஷொக்கில் எண்ணெய் கசிந்துள்ளதா என்று பார்க்கவும். புதிய ஸ்பிரிங்கை அமுக்கி, அதன் கீழ்முனையைத் தட்டிலுள்ள படியில் சரியாகப் பொருத்தி, நடு நட்டை முறுக்கிய பின்பே கம்பிரசர்களை மாறி மாறித் தளர்த்த வேண்டும். மற்றவற்றைக் கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில், காரின் கைந்நூலில் தரப்பட்ட இறுக்கத்திற்கு டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) பூட்டவும். குறித்து வைத்த போல்ட் அடையாளங்கள் இங்கே உதவும். மறுபக்கத்தையும் இதே முறையில் முடித்துக் காரைக் கீழே இறக்கவும்.

முதலில் முற்றத்திற்குள்ளேயே பிரேக்கை மிதித்தும், ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பியும் பார்த்து, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்பதை உறுதிசெய்த பிறகு, மெதுவாக ஓட்டி வீல் அலைன்மென்ட் செய்துகொள்ள வேண்டும். சுமார் 100 கிலோமீற்றர் ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவும்.