டியேபெலே அரண்மனைக்குப் போகிறீர்களா?
மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் தெற்கில், கானா எல்லையை ஒட்டியுள்ள டியேபெலேவில் கஸேனா மக்களின் அரச வளாகம் இருக்கிறது. 2024-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சிவப்பு உடையும் குடையும் வேண்டாம். அவை அரச குடும்பத்துக்கு உரியவை. உள்ளூர் வழிகாட்டியோடு போய் அனுமதி கேட்டு நுழையுங்கள்.

பழைய வீடுகளின் வாசல் இடுப்புக்கும் கீழேதான். தவழ்ந்து உள்ளே போனதும் ஒரு குட்டை மண்சுவர் மறிக்கும். எதிரி தலையை நீட்டினால் அடிப்பதற்கு அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது, நிதானமாகத் தாண்டுங்கள். வெளிச்சுவரில் மட்டும் சாயவே சாயாதீர்கள். செம்மண், வெள்ளைக் களிமண், கறுப்புக் கல்பொடி கொண்டு பெண்கள் தீட்டி, கல்லால் தேய்த்து, நெரே என்ற ஆப்பிரிக்க மரத்தின் காயை வேகவைத்த சாற்றைப் பூசிய அருமையான வேலை அது.

அப்புறம், டிக்கெட் போடும் முன் அங்குள்ள பாதுகாப்பு நிலவரத்தைக் கட்டாயம் விசாரியுங்கள்.