கறுப்பென்று நினைத்து நான்கு மை: அச்சுக் கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவர் நினைவாகத் தேவாரங்களோடு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகம் அச்சகத்துக்கு வந்து சேரும், அதுவும் வட்ஸ்அப்பில். கிளிநொச்சியோ வவுனியாவோ முல்லைத்தீவோ, அச்சு வேலை வருகிற விதம் இதுதான். மங்கலான படம், எழுத்துப்பிழை, வெட்டுக்கு இடம் விடாதது பற்றியெல்லாம் போதுமான அளவு சொல்லியாயிற்று. இங்கே கறுப்பைப் பற்றி மட்டும். புதிதாக வருகிறவர்கள், பழையவர்கள் ஒரு காலத்தில் விட்ட அதே பிழையை, அதே நம்பிக்கையோடு விடுகிறார்கள்.

நான்கு மையில் ஒரு தேவாரம்

போட்டோஷொப்பில் ‘டி’ விசையை அழுத்தினால் கறுப்பு வரும். திரையில் நல்ல கறுப்புத்தான். ஆனால் மென்பொருளோடு வரும் ஸ்வொப் புரொபைலில் (நிறத்தை மை அளவாக மாற்றும் அட்டவணையில்) அந்தத் திரை நிறமான ஆர்ஜிபி 0, 0, 0, அச்சின் நான்கு மையான சிஎம்வைகேக்கு மாறும்போது சயன் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிவிடும். கூட்டினால் 300 வீதம். படத்தின் இருட்டுப் பகுதிக்கு இது பொருந்தும். 10 புள்ளி (பொயின்ட்) அளவில் போட்ட தேவாரத்துக்கு இது கேடு.

மைக்கொன்றாக வரும் நான்கு பிளேட்டின் (அச்சுத் தகட்டின்) பதிவும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுந்தால்தான் அந்த எழுத்துக் கறுப்பாகத் தெரியும். ஒற்றை நிற மெஷினில் தாள் நான்கு தடவை உள்ளே போய்வர வேண்டும். முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் இடையில் தாள் ஈரம் குடித்து விரியும். கார்த்திகை, மார்கழி மழையில் கேட்கவே வேண்டாம். 10 புள்ளி எழுத்தில் மெய்க்குப் போடும் புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். கால் மில்லிமீற்றர் விலகினாலே அந்தப் புள்ளியின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசியும், ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும். சுழியும் புள்ளியும் நிறைந்த எழுத்து எங்களுடையது. ஆங்கில நோட்டீஸில் தப்பிப் போகிற பிசகு தமிழில் தப்பாது.

காசுக் கணக்கையும் பாருங்கள். ஏ5 அளவில் 48 பக்கம், ஏ3 மெஷின். ஒரு பிளேட்டில் 4 பக்கம் அடங்கும். உள்பக்கம் கறுப்பு மட்டும் என்றால் 12 பிளேட். எழுத்து நான்கு மையாகப் பிரிந்தால் 48 பிளேட். பார்க்கிறவருக்கு இரண்டும் ‘கறுப்பு வெள்ளைப் புத்தகம்’. எரிச்சல் தருவது என்னவென்றால், இது திரையில் தெரியாது, வீட்டுப் பிரின்டரில் எடுத்துப் பார்த்தாலும் தெரியாது. பிளேட் போட்ட பிறகு தெரியும்போது காசு போய்விட்டது.

இதைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்த குழியில் விழுவார்கள். நிறத் தெரிவில் கறுப்பு 100 என்று அடிப்பார்கள், ஆனால் கோப்பு ஆர்ஜிபியில் இருக்கும். அந்த 100 உடனே 35, 31, 32 என்ற ஆர்ஜிபி ஆகிவிடும். திரும்ப சிஎம்வைகேக்கு மாற்றினால் 70, 67, 64, 74. தூய கறுப்பு போனது போனதுதான்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் கோப்பை சிஎம்வைகேக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு எழுத்து லேயரைத் தெரிந்து 0, 0, 0, 100 கொடுங்கள். எழுத்துக்குப் பின்னால் நிறமோ படமோ இருந்தால் அந்த லேயரை மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வையுங்கள். அடியிலுள்ள நிறம் தொடர்ந்து ஓடும், பிசகினாலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்காது. மைகளைத் தனித்தனியே காட்டும் சேனல்ஸில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்தின் உருவம் இன்னும் தெரிந்தால் வேலை முடியவில்லை. ஏற்கெனவே தட்டையாக்கிய பக்கம், அதில் கறுப்பு எழுத்து மட்டும்தான் என்றால், கிரேஸ்கேலாக்கி லெவல்ஸில் எழுத்தை 100க்கு ஏற்றிவிடுங்கள்.

உண்மையில் நீண்ட எழுத்து வேலையைப் போட்டோஷொப்பில் செய்வதே பிழை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘பிளாக்’ ஸ்வொட்ச் (சேமித்த நிறம்) தூய கறுப்பு, தானாகவே ஓவர்பிரின்ட்டும் ஆகும், அதாவது அடியிலுள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே விழும். கோரல்ட்ரோவில் செய்பவர்கள் நிற முகாமைத்துவத்தில் ‘பிரிசேர்வ் பியூர் பிளாக்’கைத் தெரிந்துவிட வேண்டும். வேர்ட்டில் இருந்து வரும் பிடிஎப்பை நம்பவே வேண்டாம். அதன் நிறங்கள் ஆர்ஜிபி.

ரெஜிஸ்ட்ரேஷன் நிறம்

கறுப்புப் போலத் தெரியும் இந்த நிறம் வெட்டுக்குறிக்கு மட்டும். நான்கு மையும் 100 ஆக, அது 400 வீதம்.

அட்டையின் கருமை

அட்டை முழுவதும் கறுப்பு, நடுவில் ஒரு தீபம். கறுப்பு 100ஐ மட்டும் போட்டால் பெரிய பரப்பில் சாம்பல் தட்டும், ஊசித்துளை போலப் புள்ளிகள் தெரியும். சயன் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 கொடுங்கள். மொத்தம் 240, கருமைக்குத் தாராளம். நான்கையும் 100 ஆக்கினால் இன்னும் கறுக்கும் என்று நினைப்பது வெறும் ஆசை. மேலதிக மை தாளில் ஊறாது. அடுத்த தாளின் முதுகில் ஒட்டும், மடிப்பில் வெடிக்கும், காயாத மைமேல் லெமினேஷன் பிடிக்காது. மழை நாளில் அடுக்கையே பிரிக்க முடியாமல் போகும்.

மொத்த மை, பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு 300, பூச்சில்லாத வெள்ளைத் தாளுக்கு 260, நியூஸ்பிரின்ட்டுக்கு 240. இந்த எல்லைக்குள் நின்றால் பயமில்லை. போக்ரா 39 புரொபைல் 330 வரை விடும், ஆனால் அது ஒழுங்கான மெஷினுக்கும் ஒழுங்கான காற்றுக்கும். அளப்பது சுலபம்: போட்டோஷொப் இன்போ பலகையில் ‘டோட்டல் இங்க்’, இன்டிசைனில் செபரேஷன்ஸ் பிரிவியூவில் ‘இங்க் லிமிட்’, அக்ரோபட் புரோவில் அவுட்புட் பிரிவியூவின் ‘டோட்டல் ஏரியா கவரேஜ்’. எல்லை தாண்டிய இடம் நிறம் காட்டும்.

தாண்டியது படம் என்றால், மை எல்லை குறைந்த புரொபைலுக்கு ‘கன்வேர்ட்’ பண்ணுங்கள். ஐஎஸ்ஓ கோட்டட் வி2 புரொபைலில் 300 வீத வகையே இருக்கிறது. ‘அசைன்’ பண்ணினால் பெயர் மாறும், மை ஒரு துளியும் குறையாது. எழுத்தையும் சேர்த்து கன்வேர்ட் பண்ணினால் தூய கறுப்பு மறுபடி நான்காகப் பிரிந்துவிடும். ஆகவே படத்தை மட்டும்.

படத்தின் கறுப்பும் பெட்டியின் கறுப்பும்

படத்தின் கறுப்பும் அதைச் சுற்றிப் போடும் பெட்டியின் கறுப்பும் திரையில் ஒன்று. அச்சில் படத்தைச் சுற்றி ஒரு சதுரம் தெரியும். பெட்டியின் எண்களைப் படத்தின் ஓரத்தில் அளந்து எடுங்கள். இலஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் ‘அப்பியரன்ஸ் ஒப் பிளாக்’கை ‘அக்கியுரேட்’டுக்கு மாற்றி வைத்தால், வெறும் கறுப்பும், மற்ற மைகளும் சேர்ந்த அடர் கறுப்பும் திரையிலேயே வேறுபட்டுத் தெரியும்.

கறுப்பில் வெள்ளை எழுத்து

அடர் கறுப்பில் 8 புள்ளி வெள்ளை எழுத்துப் போட்டால், இறந்தவரின் பெயரில் உள்ள மெய்ப்புள்ளிகள் மையில் மூழ்கும். ‘கந்தன்’ ‘கநதன’ ஆவார், வீட்டுக்காரர் மன்னிக்கமாட்டார். 12 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள், தடித்த எழுத்தாக எடுங்கள். கட்டாயம் சின்னதாகத்தான் வேண்டுமென்றால், எழுத்தின் வெளிப்புறமாக 0.3 புள்ளி அளவில் தூய கறுப்புக் கோடு கொடுங்கள். மற்ற மூன்று மையும் எழுத்தின் ஓரத்தில் இருந்து அந்தளவு ஒதுங்கிவிடும். இன்டிசைனின் ‘பிளாக்’ ஸ்வொட்ச் இதற்கு உதவாது, அது ஓவர்பிரின்ட் ஆகி மூன்று மையையும் அடியில் ஓடவிடும். 0, 0, 0, 100 எண்களில் வேறு பெயரில் ஒரு ஸ்வொட்ச் செய்து அதைப் பாவியுங்கள்.

வெள்ளைக்கு ஓவர்பிரின்ட்

வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரின்ட் போட்டிருந்தால் எழுத்தே வராது. அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள்.